நாட்டு நடப்பும் திரையும் நாமும்

(மட்டாஞ்சேரியில், சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் பேசுவோர்க்குத் தலைப்புப் பங்கிடுவதில் நம் சங்கத்தார் வல்லவர். இலக்கியம் ஒருவர்க்கும் சமயம் ஒருவர்க்கும் முன்னரே போய்விட்டன. எஞ்சி நின்றவை நாட்டு நடப்பும் திரைப்படமும். இரண்டையும் ஒரே பேச்சில் எவ்வாறு அடக்குவது என்று நாம் வினவினோம். "தமிழருக்கு அவை இரண்டும் ஒன்றுதானே, ஐயா" என்று செயலாளர் விடையிறுத்தார். விளையாட்டாகச் சொன்னதே எனினும் அதில் உண்மை இல்லாமல் இல்லை. இத்தலைப்பை நாம் ஏற்றமைக்கு வேறொரு காரணமும் உண்டு. நம் காலனி இளைஞர் சிலர் செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைத்துள்ளனர். அதனை முறைப்படி பின்னர்க் கூறுவோம்.

சற்று முன் நாம் எல்லோரும் எழுந்து நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினோம். அப்பாட்டு எங்கிருந்து வந்தது என்பதை நம் குழந்தைகள் அறிதல் நன்று. அதனை இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1855ஆம் ஆண்டில் பிறந்தவர். பிறந்த ஊர் மதுரையன்று, தஞ்சையுமன்று. நமக்குத் தெற்கே இருக்கும் ஆலப்புழை. அவர் தத்துவம் கற்பித்தது திருவனந்தபுரத்தில். 1891இல் அவர் வெளியிட்ட 'மனோன்மணீயம்' என்னும் நாடகத்தின் தொடக்கத்தில் வரும் வாழ்த்தே அது. 1970இல் தமிழக அரசு அதனை விழாக்களில் பாடும் பாட்டாக ஏற்றது. அதற்கு மோகனத்தில் மெட்டமைத்தவர் மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன். அவர் பிறந்ததோ பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளி. ஆக, தமிழரின் தலையாய பாட்டுக்குச் சொல் ஆலப்புழையில் பிறந்தவர் தந்தது. இசை பாலக்காட்டில் பிறந்தவர் தந்தது. மலையாள நாட்டில் வாழும் தமிழர் ஏதோ தாய்வீட்டை இழந்தவர் போல நெடுமூச்சு விடுவது சில வேளைகளில் நம் காதில் விழுகிறது. அவர்கள் இதனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.

மேலும் ஒன்று கவனிக்க வேண்டும். அது ஒரு நாடகத்தின் பாட்டு. பொழுதுபோக்குக்கென்று எழுந்த கலையிலிருந்து ஓர் அரசின் பாட்டு பிறந்தது. இவ்விரு மாநிலங்களிலும் மேடைக்கும் அரசியலுக்கும் இடையே உள்ள சுவர் எக்காலத்தும் மெலிந்ததே.

1952ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு தீபாவளிக்குத் தமிழகத்தில் 'பராசக்தி' வெளிவந்தது. உரையாடல் எழுதியவர் கலைஞர் மு. கருணாநிதி; சிவாஜி கணேசனுக்கு அதுவே முதற்படம். அதே ஆண்டு டிசம்பரில் கொல்லத்தை அடுத்த சவறையில் கே.பி.ஏ.சி. நாடகக் குழுவினர் 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' என்னும் நாடகத்தை முதன்முதலாக மேடையேற்றினர். எழுதியவர் தோப்பில் பாசி. அங்கே நீதிமன்றக் கூண்டில் நின்று ஒருவன் முழங்கினான். இங்கே பழமையில் ஊறிய ஒரு குடும்பத் தலைவர் தம் கையில் செங்கொடியை வாங்கினார். இரண்டையும் கண்டு மக்கள் கண்ணீர் விட்டனர், கைதட்டினர், வீட்டுக்குப் போய் வேறு விதமாகச் சிந்திக்கலாயினர். 1957இல் கேரளத்தில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சி ஏறியது. 1967இல் தமிழகத்தில் அறிஞர் அண்ணா முதலமைச்சரானார். நாடகமும் படமுமே ஆட்சியை மாற்றின என்று சொல்வது மிகை. நிலமும் கூலியும் மொழியும் சாதியும் அவற்றின் பின்னே இருந்தன. ஆயினும் மக்கள் நெஞ்சிற்குள் அவை நுழைந்த வாயில் கலைவாயில் என்பதில் ஐயமில்லை.

இவ்விடத்தில்தான் இரு நாடுகளின் வழியும் பிரிகிறது. கேரளத்தில் நாடகத்தைக் கண்டவர்கள் கட்சியைத் தேடிப் போனார்கள். தமிழகத்தில் படத்தைக் கண்டவர்கள் நாளடைவில் நடிகரையே தேடிப் போனார்கள். அண்ணா, கலைஞர், எம். ஜி. ஆர்., வி. என். ஜானகி, ஜெயலலிதா என முதலமைச்சர்களாக இருந்த ஐவர் திரையோடு தொடர்புடையவர்கள். அவருள் முதல் இருவர் எழுத்தால் வந்தவர், பின் மூவர் நடிப்பால் வந்தவர். கேரளத்திலும் நடிகர்கள் தேர்தலில் நின்று வென்றிருக்கின்றனர், அமைச்சராகவும் இருந்திருக்கின்றனர். ஆனால் நடிகர் ஒருவர் தம் புகழையே முதலாக வைத்துக் கட்சி தொடங்கி இங்கே ஆட்சியைப் பிடித்ததில்லை. பிரேம் நசீருக்கு இருந்த செல்வாக்கு எத்தகையது என்பதை நம் மூத்தோர் அறிவர். அவர் காங்கிரசுக்காகப் பேசினார், மக்கள் அன்போடு வந்து பார்த்தனர், அவ்வளவே.

இதனால் கேரளம் அறிவுடையது, தமிழகம் அறிவற்றது என்று சிலர் எளிதில் முடிவு கட்டுவர். அம்முடிவை நாம் ஏற்பதற்கில்லை. எம். ஜி. ஆரின் குடும்பம் பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்தது; அவர் பிறந்தது இலங்கை மண்ணில். 'அவர் நம்மவர் அல்லர்' என்று எதிரணியினர் மேடைதோறும் சொல்லியும் தமிழ் மக்கள் 1977 முதல் அவரைத் தொடர்ந்து தேர்ந்தெடுத்தனர். 1982இல் அவர் விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தால் எத்தனை ஏழைப் பிள்ளைகள் பள்ளிப் படியேறினர்! பிறந்த இடம் கேளாமல் ஒருவரைத் தம்மவராக ஏற்ற பெருந்தன்மையும் தமிழர்க்கு உண்டு என்பதை வெளிமாநிலத்தில் வாழும் நாம் மறத்தலாகாது. மலையாளத் திரையைப் புகழ்வோரும் சற்று அடக்கமாகப் புகழ்தல் நலம். அங்குப் பெண்கள் படும் துன்பத்தை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2019இல் அரசிடம் அளிக்கப்பட்டும், 2024 ஆகஸ்டில்தான் வெளியுலகம் அதனைக் கண்டது. ஏறத்தாழ ஐந்தாண்டு அது பெட்டிக்குள் உறங்கியது!

ஆயினும் தமிழகத்து நடிகர் வழிபாட்டின் மறுபக்கத்தை நாம் பேசாமல் விடல் இயலாது. 2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை. 2024இல் புதுக்கட்சி தொடங்கிய நடிகர் விஜய் அவர்களின் கூட்டம் கரூரில். பகலெல்லாம் வெயிலில் காத்து நின்ற மக்கள், இரவில் நெரிசல், 41 உயிர்கள் மாய்ந்தன. மாய்ந்தவருள் குழந்தைகளும் இருந்தனர், அவர்களைத் தோளில் தூக்கி வந்த தாய்மாரும் இருந்தனர். பிழை யாருடையது என்பதை ஆராயும் பொறுப்பை உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. அதில் நாம் தீர்ப்புக் கூறப் போவதில்லை. நம் நெஞ்சை அறுப்பது வேறு. அக்கூட்டத்திற்கு வந்தவருட் பலர் கொள்கை கேட்க வந்தவரல்லர், சண்டையிட வந்தவருமல்லர். திரையில் கண்ட முகத்தை ஒருமுறை நேரில் காண வந்தவர்கள். அவ்வளவு சிறிய ஆசை அது. அச்செய்தி வந்த இரவு நம் காலனியில் எத்தனை வீடுகளிலிருந்து ஊருக்குத் தொலைபேசி போயிற்று! கரூரிலும் நாமக்கல்லிலும் ஈரோட்டிலும் நமக்கு உறவினர் இல்லாத வீடு ஏது?

கூட்டம் என்பது மட்டாஞ்சேரிக்குப் புதிதன்று. இங்குள்ள துறைமுகத்தில் ஒரு காலத்தில் 'சாப்பா' என்னும் வில்லை முறை இருந்தது. காலையில் கூலியாட்கள் திரண்டு நிற்பர். கங்காணி ஒரு பிடி உலோக வில்லைகளை அள்ளிக் கூட்டத்திற்குள் வீசுவான். எவன் கையில் வில்லை அகப்பட்டதோ அவனுக்கு அன்று வேலை. அவன் பிள்ளைகளுக்கு அன்று கஞ்சி. மற்றவர் காயத்தோடு திரும்ப வேண்டியதுதான். பசித்த மனிதரைத் தம்முள் மோதவிட்டு வேடிக்கை பார்த்த கொடுமை அது. அதனை ஒழிக்க எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. செய்து, செய்தலவி, ஆன்றணி ஆகிய மூவரைத் தம் தியாகிகளாக இவ்வூர்த் தொழிலாளர் இன்றும் நினைவுகூர்கின்றனர். கே. எம். சிதம்பரன் இதனை நாடகமாக எழுதினார். அதைத் தழுவி ராஜீவ் ரவி இயக்கிய 'துறைமுகம்' என்னும் படம் 2023 மார்ச்சில் வெளிவந்தது.

அப்படத்தைக் கண்ட நம்மவர் மிகச் சிலரே. வந்த வேகத்தில் அது கொட்டகையை விட்டுப் போயிற்று. பசார் சாலையில் நாம் நாள்தோறும் நடக்கும் அதே மண்ணின் கதை. மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் சுமந்தவர்களின் கதை. அதைக் காண நமக்கு நேரமில்லை. சென்னையில் வெளியாகும் படத்திற்கு முதற்காட்சிச் சீட்டு வாங்க மட்டும் விடியற்காலையில் எழ முடிகிறது. வாழும் மண்ணின் கதையை அறியாதவரை அம்மண்ணும் விருந்தாளியாகவே நடத்தும். வெளிப்பகுதியில் துணி வெளுக்கும் நம் குடும்பங்களைப் பாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் தம் முன்னோர் இங்கு அழைத்து வரப்பட்டனர் என்று சொல்லி வருகின்றனர். அத்தனை தலைமுறைக்குப் பின்னும் இல்லத்தில் தமிழ், தெருவில் மலையாளம், இரண்டிலும் பிழையில்லை. அவர்கள் எந்தப் பள்ளியிலும் இதற்குப் பாடம் படித்தவரல்லர்.

இனி ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாட்டு நடப்பென்று பேச வந்து முல்லைப் பெரியாற்றைப் பேசாமல் அமர்ந்தால், 'அஞ்சி விட்டார்' என்று நீங்களே கூறுவீர்கள்.

1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆங்கில அரசுக்கும் உடன்படிக்கை ஆயிற்று. 8,000 ஏக்கர் நிலம்; ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் குத்தகை; காலம் 999 ஆண்டு. பென்னிகுவிக் என்னும் பொறியாளர் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அணை 1895இல் நிறைவெய்தியது. மேற்கே போன நீர் மலையைக் குடைந்த வழியே கிழக்கே திரும்பி வையையோடு சேர்ந்தது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்கள் அந்நீரை நம்பி வாழ்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டு வணங்குவோர் உண்டு. மலைக்கு இப்புறத்திலோ, அணை பழமையானது, நிலம் நடுங்கினால் என்னாகும் என்னும் அச்சம். 1979இல் 152 அடியிலிருந்து 136 அடிக்கு நீர்மட்டம் குறைக்கப்பட்டது. பின்னர் வழக்கு மேல் வழக்கு. 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அணை உறுதியாக உள்ளது எனக் கண்டு 142 அடிக்கு இசைந்தது. புதிய அணை வேண்டும் என்பது கேரளத்தின் நெடுநாட் கோரிக்கை.

இவற்றுள் 2011ஆம் ஆண்டின் இறுதி மாதங்களை நாம் மறப்பதற்கில்லை. இடுக்கியில் சிறு நில அதிர்வுகள் உண்டாயின. அந்நேரம் பார்த்து 'டேம் 999' என்றொரு படம் வந்தது. அணை உடைவதைக் காட்டிய அப்படத்தின் பெயரிலேயே குத்தகைக் கணக்கு இருந்தது. தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. படம் தன்னளவில் பெரிதாகப் பேசத்தக்கதன்று. தடை செய்யாதிருந்தால் பலர் அதனைக் கேள்வியே பட்டிருக்க மாட்டார்கள் என்பது நம் கருத்து. ஆனால் காய்ந்த வைக்கோலுக்கு ஒரு பொறி போதுமன்றோ? குமுளி எல்லையில் மோதல். இடுக்கித் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பிள்ளைகளோடு மலையிறங்கி ஓடின. தமிழகத்தில் மலையாளிகளின் தேநீர்க் கடைகளும் நகைக் கடைகளும் தாக்கப்பட்டன. இங்கே மட்டாஞ்சேரியில் நமக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. அக்கம்பக்கத்தார் முன்போலவே பழகினர். எனினும் நம் தாய்மார் சிலர், பேருந்தில் தமிழில் உரக்கப் பேச வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினர். தன் மொழியைத் தாழ்ந்த குரலில் பேசு என்று தாயே சொல்ல நேர்ந்த காலம் எத்தகைய காலம்! அதே வாரத்தில் மதுரையிலோ கோவையிலோ ஒரு மலையாளத் தாயும் தன் பிள்ளைக்கு அவ்வாறே சொல்லியிருப்பாள். மேடையில் முழங்கியவர்கள் இரு தலைநகரங்களிலும் பாதுகாப்பாக இருந்தனர்.

அந்த ஆறு யாருடையது என்று கேட்டால் நாம் என்ன சொல்வது? பெரியாறு மலையிறங்கி ஆலுவாய் வழியே வருகிறது. கொச்சி மாநகரின் குழாய்களுக்குக் குடிநீர் அனுப்பும் நிலையங்களுள் பெரியது அங்கேதான் இருக்கிறது. அதே ஆற்றின் மேல்நீரில்தான் தேனியில் நம் மாமன் மச்சான் நெல்லும் வாழையும் பயிரிடுகின்றனர். ஒரே ஆறு, கீழே நமக்குக் குடிநீர், கிழக்கே நம் உறவினர்க்குப் பாசனம். அங்கே நீர் குறைந்தாலும் நமக்கு நோகும். இங்கே வெள்ளம் வந்தாலும் நமக்கு நோகும். 2018 ஆகஸ்டில் பெரியாறு பெருகி ஆலுவாய் மூழ்கியபோது பார்த்தோமே! தமிழகத்திலிருந்து அரிசியும் பாலும் போர்வையும் ஏற்றிய வண்டிகள் வந்தன. ஆகவே தமிழகத் தொலைக்காட்சி சொல்வது முழுதும் மெய், கேரளத் தொலைக்காட்சி சொல்வது முழுதும் பொய் என்று நம்மால் கொள்ள இயலாது. மாறிக் கொள்ளவும் இயலாது. அச்சமும் மெய், தாகமும் மெய். இரு வீட்டுச் செய்தியையும் கேட்க வேண்டிய நிலை நமக்கு வாய்த்த தொல்லை என்று எண்ணலாம். நாம் அதனைப் பேறு என்றே எண்ணுகிறோம்.

இத்தனை கசப்புக்கும் பிறகு 2024 பிப்ரவரியில் ஒரு விந்தை நிகழ்ந்தது. நம் கொச்சியை அடுத்த மஞ்ஞும்மலிலிருந்து 2006இல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இளைஞருள் ஒருவர் குணா குகைப் பள்ளத்தில் விழுந்தார். நண்பர் ஒருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை மீட்டார். அவ்வுண்மை நிகழ்ச்சியைச் சிதம்பரம் என்னும் இளைய இயக்குநர் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்று படமாக்கினார். அக்குகைக்கு அப்பெயர் வந்ததே 1991இல் வெளிவந்த கமல்ஹாசனின் 'குணா' படத்தால்தான். மீட்கும் காட்சியில் இளையராசாவின் பழைய பாட்டு எழும்போது தமிழகக் கொட்டகைகளில் மக்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தனர். அப்படத்தில் தமிழகக் காவலர் அவ்விளைஞரை அடிக்கும் காட்சியும் உண்டு. தமிழர் அதற்காகக் கோபித்துக் கொட்டகையைக் கொளுத்தவில்லை. 'அடித்தது தவறுதானே' என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். உலகெங்கும் 200 கோடி ரூபாய் வசூலைக் கடந்த முதல் மலையாளப் படம் என்று அதனைக் கூறுகின்றனர். அவ்வெற்றியில் தமிழகத்தின் பங்கு சிறிதன்று.

சலசலப்பு இல்லாமலும் இல்லை. தமிழ் எழுத்தாளர் ஒருவர் படத்தின் குடிப்பழக்கக் காட்சிகளைக் கண்டு மலையாளிகளையே சாடி எழுதினார். மறுமொழிகளும் சூடாகப் பறந்தன. பாட்டின் உரிமைக்காக அவ்வாண்டு மே மாதம் இளையராசா வழக்கறிஞர் வழியே அறிவிப்பு அனுப்பினார். பாட்டு யாருடையது என்பது நீதிமன்றத்தார்க்கு உரிய வினா. கொட்டகையில் அழுதவர் யாரும் அவ்வினாவை எழுப்பவில்லை. இந்த எல்லைக் கோடு இசைக்கு என்றுமே இருந்ததில்லை. பக்கத்துக் கோட்டைக் கொச்சியில் 1940இல் பிறந்த ஏசுதாஸ் 1964இல் 'பொம்மை' படத்தில் தமிழில் பாடத் தொடங்கினாரே. அன்று முதல் இன்றுவரை எந்தத் தமிழ் வீட்டில் அவரை அயலார் என்றனர்?

அரசியலாரும் நினைத்தால் நல்லது செய்ய இயலும் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டத்தில் ஈரோட்டிலிருந்து வந்து சிறை புகுந்தவர் பெரியார். 2024 டிசம்பர் 12ஆம் நாள் வைக்கத்தில் புதுப்பித்த அவர் நினைவகத்தைத் தமிழக, கேரள முதலமைச்சர்கள் இருவரும் ஒரே மேடையில் நின்று திறந்து வைத்தனர். இங்கிருந்து ஒரு பகற்பொழுதில் போய்வரத் தக்க இடம். நம் பிள்ளைகளை இன்னும் அழைத்துச் செல்லவில்லை என்பது குறையே.

இனி இளைஞரின் வேண்டுகோள். நடிகர் ஒருவர் பெயரால் நம் சங்கக் கட்டிடத்தில் ரசிகர் மன்றம் அமைக்கவும், வாயிலில் படம் வைக்கவும், கூட்டங்களுக்கு வண்டி அமர்த்தவும் அவர்கள் இசைவு கேட்டுள்ளனர். செயற்குழுவில் இரு கருத்துகள் எழுந்தன. 'பிள்ளைகள் தமிழை மறவாதிருப்பதே திரைப்படத்தால்தான். அதையும் தடுத்தால் அவர்கள் சங்கத்துப் பக்கமே வரமாட்டார்கள்' என்றார் ஒருவர். அதில் உண்மை உண்டு. நம் பேரப்பிள்ளைகளுள் தமிழ் எழுத்தறியாத பலர் தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகின்றனர். 'கரூரை மறந்தீரா?' என்றார் மற்றொருவர். அதற்குப் பின் அங்கே சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். சங்கத்தின் சுவரில் எந்த நடிகர் படமும் எந்தக் கட்சித் தலைவர் படமும் வேண்டா. இக்கட்டிடம் இரு மாநிலத்தாரும் வந்து போகும் இடமாகவே இருக்கட்டும். எல்லை கடந்து கூட்டத்திற்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்குச் சங்கப் பணத்தில் ஒரு காசும் வேண்டா. ஆனால் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலை மண்டபத்தை இளைஞர்க்கே விட்டுவிடலாம். ஒருமுறை தமிழ்ப் படம், ஒருமுறை மலையாளப் படம். பார்த்த பின் அரை மணி நேரம் தமிழில் பேச்சு. பக்கத்து வீட்டு மலையாளப் பிள்ளைகளையும் அழைக்கலாம். படத்தைத் திட்டலாம், நடிகரைப் புகழலாம், அரசியலும் பேசலாம். எழுத்து அறியாத பிள்ளைகளுக்கு அந்த அரை மணிக்கு முன் அரை மணி நேரம் தமிழ் எழுத்துக் கற்பிக்க நம் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர் ஒப்புக்கொண்டுள்ளனர்.

முதற்படம் எது என்பதைச் செயற்குழு இளைஞர்க்கே விட்டிருக்கிறது. 'துறைமுகம்' ஆயினும் சரி, 'குணா' ஆயினும் சரி. மண்டபத்தில் நாற்காலி குறைவு. பாயை மட்டும் அவரவர் கொண்டு வருக.